எண்ணெயை மாற்றியதால்தான் மாமியாருக்குப் புற்றுநோய் வந்ததா?

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது. எட்டு வருஷத்துக்கு முன்னால் கல்யாணமாகி வந்த புதிதில், தேங்காய் எண்ணெய் நெஞ்சுக்கு ஆகாது என்று சொல்லி வீட்டுச் சமையலைச் சூரியகாந்தி எண்ணெய்க்கு மாற்றியிருக்கிறார். போன வருஷம் மாமியாருக்கு மார்பகப் புற்றுநோய். திருவனந்தபுரத்தில் அறுவை சிகிச்சை, கீமோ எல்லாம் முடிந்து இப்போது வீட்டில் இருக்கிறார். விதை எண்ணெயில் உள்ள ஒமேகா 6 தான் புற்றுநோயை வளர்க்கிறது என்று ஒரு வீடியோவை நாத்தனார் வாட்ஸ்அப்பில் அனுப்பி, கூடவே "நீ மாத்தின எண்ணெய்தான்" என்றும் எழுதிவிட்டாராம். திரும்பவும் தேங்காய் எண்ணெய்க்கே போகலாமா, மீன் எண்ணெய் மாத்திரை வாங்கி வைத்திருக்கிறேன், கொடுக்கலாமா என்று கேட்டு முடித்திருக்கிறார். இரண்டு தடவை படித்தேன். எண்ணெயும் மாத்திரையும் பிறகுதான். "என் கையால்தான் இது வந்ததா?" என்பதுதான் அவர் கேட்க வந்தது.

அதற்குப் பதில்: இல்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஐம்பது வருஷமாக இந்த விஷயத்தை மனிதர்களிடமே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அதை வைத்துத்தான் சொல்கிறேன். நான் உயிர்வேதியியல் படித்து அப்புறம் உணவியலுக்கு வந்தவள். 19 வருஷமாக நாகர்கோவிலில், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு என்ன சாப்பிடலாம் என்று சொல்வதுதான் வேலை. மருத்துவர் அல்ல. அதனால் மாமியாரின் மருந்து, ஸ்கேன் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. சாப்பாட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மார்கழி மாதக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தால் விழாது. வெள்ளையாக உறைந்து நிற்கும், வெயிலில் வைத்தால்தான் இளகும். பக்கத்திலேயே இருக்கும் சூரியகாந்தி எண்ணெய் தண்ணீர் போல அசையும். இரண்டிலும் இருப்பவை கொழுப்பு அமிலச் சங்கிலிகள்தான். தேங்காய் எண்ணெயின் சங்கிலிகள் நேராக, ஒன்றோடொன்று அடுக்கிக்கொள்ளும்படி இருக்கும், அதனால் உறைகிறது. சூரியகாந்தி எண்ணெயின் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்புகள் இருப்பதால் அங்கங்கே வளைந்திருக்கும், அடுக்க முடியாது. ஒன்றுக்கு மேற்பட்ட இரட்டைப் பிணைப்பு இருந்தால் அதைப் பன்மை நிறைவுறாக் கொழுப்பு என்பார்கள். அதில் இரண்டை நம் உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பிட்டே ஆகவேண்டும். ஒன்று ஒமேகா 6 வகையான லினோலெயிக் அமிலம், மற்றொன்று ஒமேகா 3 வகையான ஆல்பா லினோலெனிக் அமிலம். சாதாரணச் சூரியகாந்தி எண்ணெயில் லினோலெயிக் 60 சதவீதம் போல இருக்கும். நல்லெண்ணெயில் 40 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், கடலை எண்ணெயில் 30 சதவீதம் அளவில். தேங்காய் எண்ணெயில் வெறும் 2 சதவீதம். மீனில் இருப்பது ஒமேகா 3இன் நீளமான வகைகள், இ.பி.ஏ., டி.ஹெச்.ஏ. என்று மாத்திரை டப்பாவில் போட்டிருப்பது அவற்றைத்தான்.

வீடியோக்காரர்கள் சொல்லும் காரணம் காகிதத்தில் அழகாக இருக்கும். லினோலெயிக் அமிலம் உடம்புக்குள் அராக்கிடோனிக் அமிலமாக மாறும். அதிலிருந்து புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற பொருள் உருவாகும். அது அழற்சியை, அதாவது உடம்புக்குள் வரும் வீக்கத்தையும் எரிச்சலையும், தூண்டும். நாள்பட்ட அழற்சி புற்றுநோய்க்குத் துணை போகும். இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாக உண்மைதான். ஆனால் முதல் கண்ணியில் உடம்பு ஒரு பூட்டு போட்டு வைத்திருக்கிறது. மனிதர்களுக்கு லினோலெயிக்கைக் கூட்டியும் குறைத்தும் கொடுத்துப் பார்த்த பரிசோதனைகளையெல்லாம் 2011இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். எவ்வளவு கூட்டினாலும் இரத்தத்தில் அராக்கிடோனிக் அளவு ஏறவில்லை. வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு வந்தாலும் மடை திறந்த அளவுக்குத்தானே வயலுக்குள் போகும், அது மாதிரி.

சரி, பயம் எங்கிருந்து வந்தது? இரண்டு இடத்திலிருந்து. 1970, 80களில் எலிகளுக்கு ஒரு ரசாயனம் கொடுத்து மார்பகக் கட்டியை வரவழைத்து, பிறகு சோள எண்ணெய் நிறையச் சேர்த்துத் தீனி போட்டார்கள். கட்டிகள் கூடின. தேங்காய் எண்ணெய் போன்ற கெட்டிக் கொழுப்பு மட்டும் கொடுத்த எலிகளுக்கு அவ்வளவு கூடவில்லை. இதைப் பல ஆய்வகங்கள் திரும்பத் திரும்பச் செய்து பார்த்திருக்கின்றன. எலியைப் பொறுத்தவரை இது உண்மை.

இரண்டாவது, லாஸ் ஏஞ்சலஸில் முன்னாள் படைவீரர்கள் தங்கியிருந்த ஒரு விடுதி. அங்கே 846 ஆண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான அமெரிக்கச் சாப்பாடு. மற்றதற்குப் பார்வைக்கு அதே சாப்பாடு, ஆனால் வெண்ணெயையும் மாட்டுக் கொழுப்பையும் எடுத்துவிட்டுச் சோளம், சோயா, பருத்திக்கொட்டை, குசும்பா எண்ணெய்கள். எட்டு வருஷம் வரைக்கும் நடந்தது. நெஞ்சு நோய் குறைந்தது. ஆனால் புற்றுநோயில் இறந்தவர்களை எண்ணியபோது எண்ணெய்ப் பிரிவில் 31 பேர், மற்றதில் 17 பேர். 1971இல் இது வெளிவந்ததும் பெரிய கலக்கம். இன்றைக்கும் வீடியோவில் காட்டுவது இந்த 31க்கு 17தான். அதே வருஷம் அதே மருத்துவ இதழில் வந்த அடுத்த கட்டுரையை மட்டும் யாரும் காட்டுவதில்லை. லண்டன், ஆஸ்லோ உட்பட அதே மாதிரி நடந்த மற்ற பரிசோதனைகளையும் சேர்த்து, ஐந்தையும் ஒன்றாகக் கணக்குப் போட்டார்கள். அப்போது அந்தக் கூடுதல் காணாமல் போய்விட்டது. ஓர் இடத்தில் தற்செயலாக விழுந்த எண்ணிக்கை அது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பின் வந்தவற்றில் நான் அதிகம் நம்புவது 2020இல் வெளியான ஒரு தொகுப்பு. 47 பரிசோதனைகள், ஒரு லட்சத்து எட்டாயிரம் பேர். ஒமேகா 3, ஒமேகா 6 இரண்டையும் பார்த்தார்கள். ஒமேகா 3 கூடினால் புற்றுநோய் வருவது மொத்தத்தில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மார்பகப் புற்றுநோயிலும் அப்படியே. ஒமேகா 6க்கு இந்த மாதிரிப் பரிசோதனைகள் குறைவு, அதனால் அந்தப் பகுதியை இதே உறுதியோடு சொல்ல முடியாது. அதற்குத் துணையாக, 2024இல் பிரிட்டனில் இரண்டரை லட்சம் பேரின் இரத்தத்தை வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. இரத்தத்தில் ஒமேகா 6 கூடுதலாக இருந்தவர்களுக்குப் புற்றுநோய் கொஞ்சம் குறைவாகவே வந்திருந்தது. இதை வைத்து எண்ணெய் காப்பாற்றும் என்று நான் சொல்லமாட்டேன். அப்படி இருப்பவர்களின் மற்றப் பழக்கங்களும் வேறாக இருக்கும். ஆனால் ஒமேகா 6 புற்றுநோயை வரவழைக்கும் என்றால் இப்படி எதிர்ப்பக்கம் வந்திருக்காது.

நேர்மையாகச் சொல்லவேண்டிய மறுபக்கமும் உண்டு. 2025 மார்ச்சில் நியூயார்க் ஆராய்ச்சியாளர்கள், செல்லின் மேல் ஹார்மோன் போன்றவை வந்து ஒட்டும் இடங்களான ஏற்பிகள் மூன்றும் இல்லாத (டிரிபிள் நெகட்டிவ் என்பார்கள்) வகை மார்பகப் புற்றுநோயில் லினோலெயிக் அமிலம் செல்லின் வளர்ச்சி விசையை நேரடியாகத் தட்டிவிடுகிறது என்று செல்களிலும் சுண்டெலிகளிலும் காட்டினார்கள். நாத்தனார் அனுப்பிய வீடியோ இதை ஒட்டி எடுத்ததாக இருக்கலாம். நல்ல ஆய்வு, நானும் கவனித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அது கட்டி இருக்கும் சுண்டெலியைப் பற்றியது. நல்ல உடம்பில் எண்ணெய் கட்டியைக் கொண்டுவரும் என்று அவர்களே சொல்லவில்லை. இன்னொன்று, புராஸ்டேட் புற்றுநோய் தொடக்க நிலையில் இருந்த 100 ஆண்களை வைத்துக் கலிஃபோர்னியாவில் ஒரு வருஷம் செய்த பரிசோதனை. பொரித்ததையும் ஒமேகா 6ஐயும் குறைத்து, மீனும் மீன் எண்ணெயும் கொடுத்த பிரிவில், செல் எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்று காட்டும் ஓர் அளவு இறங்கியது, மற்றவர்களுக்கு ஏறியது. ஆனால் கட்டியின் தர நிலையில் வித்தியாசம் இல்லை. ஆக, வந்துவிட்ட கட்டியை இந்தக் கொழுப்புகள் என்ன செய்கின்றன என்பது இன்னும் திறந்திருக்கும் கேள்வி. அதையும் "எண்ணெயால் புற்றுநோய் வந்தது" என்பதையும் போட்டுக் குழப்பக்கூடாது.

உங்கள் வீட்டு விஷயத்தில் காலக்கணக்கும் இடிக்கிறது. மார்பகத்தில் முதல் செல் தடம் மாறுவதற்கும் கைக்குக் கட்டி தட்டுப்படுவதற்கும் நடுவில் பல வருஷம் ஆகும், சிலருக்குப் பத்து இருபது வருஷம் கூட. நீங்கள் அந்த வீட்டுப் படி ஏறுவதற்கு முன்னாலேயே அது தொடங்கியிருக்க வாய்ப்பு உண்டு. ஒரு வீட்டில் நோய் வந்தால் மனசு காரணத்தைத் தேடும், அது இயல்பு. மணவாளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் கடற்கரை மணலின் கதிர்வீச்சைச் சொல்வார்கள். அதே மாதிரி மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் கிட்டத்தட்ட 70,000 பேரைச் சராசரியாகப் பத்து வருஷம் பின்தொடர்ந்து, அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடவில்லை என்று 2009இல் சொன்னார்கள். கடற்கரையை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கு எண்ணெய் காரணம், உரம் காரணம், சில வீட்டில் மருமகள் காரணம். என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து இப்படி ஒரு பழியைச் சுமந்துகொண்டு அழுத மூன்று நான்கு மருமகள்களை எனக்கு நினைவிருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இனி நடைமுறைக்கு வருவோம். எந்த வீட்டிலும் நான் முதலில் கேட்பது எந்த எண்ணெய் என்று இல்லை, மாதம் எத்தனை லிட்டர் என்றுதான். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் 3 லிட்டர் என்றால் ஆளுக்கு நாளைக்கு 23 கிராம் போல வரும். அது முழுக்கச் சூரியகாந்தியாகவே இருந்தாலும் லினோலெயிக் 14 கிராம்தான். நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 6 சதவீதத்துக்குச் சற்று மேல். பன்மை நிறைவுறாக் கொழுப்பு மொத்தக் கலோரியில் 6 முதல் 11 சதவீதம் இருக்கலாம் என்பது உலக அளவில் சொல்லப்படும் வரம்பு. உங்கள் வீடு அதை மீறியிருக்காது. அதே சமயம் முழுக்கத் தேங்காய் எண்ணெய்க்கு மாறினால் அந்த 23 கிராமில் லினோலெயிக் அரை கிராம்கூட வராது. மீதியைக் கடலை, பருப்பு, எள், மீன் என்று வேறு வழியில் கொண்டுவர வேண்டியிருக்கும்.

5 லிட்டர் ஆகிறது என்றால்தான் எனக்குக் கவலை, அது எந்த எண்ணெயாக இருந்தாலும். ஆளுக்கு 38 கிராம், எண்ணெயிலிருந்து மட்டும் 340 கலோரி. பல மார்பகக் கட்டிகளை வளர்க்கும் ஹார்மோன் ஈஸ்ட்ரோஜன். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு அது பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான் உருவாகிறது. எடை கூடக்கூட அதுவும் கூடும். அந்த வயதில் உடல் பருமன் மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சிகிச்சை முடிந்தவர்களை வைத்து இரண்டு பெரிய பரிசோதனைகள் நடந்திருக்கின்றன. 2006இல் வந்ததில் 2,437 பெண்கள்; மொத்தக் கொழுப்பை நன்றாகக் குறைத்த பிரிவில் நோய் திரும்புவது 24 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கு எடையும் இரண்டரை கிலோவுக்கு மேல் குறைந்திருந்தது. 2007இல் வந்ததில் 3,088 பெண்கள். காய்கறி, பழம், நார்ச்சத்து நிறையக் கூட்டினார்கள், எடை குறையவில்லை, நோய் திரும்புவதிலும் வித்தியாசம் இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கொழுப்பின் வகையை விட எடைதான் வேலை செய்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் கருத்து. நிரூபணமான முடிவு என்று எடுக்க வேண்டாம்.

சூரியகாந்தி எண்ணெயின் மேல் எனக்கு உண்மையான புகார் ஒன்று உண்டு. அது பொரிக்க ஏற்ற எண்ணெய் இல்லை. இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தில்தான் ஆக்ஸிஜன் ஏறும். சூடு கூடினால் சங்கிலி அங்கேயே உடைந்து ஆல்டிஹைடுகள் என்ற வேதிப்பொருட்கள் வரும். அவற்றில் சில மரபணுவைச் சேதப்படுத்தும் என்பது ஆய்வகத்தில் தெளிவு. சாப்பிடுகிறவருக்கு எவ்வளவு கெடுதல் என்பது அவ்வளவு தெளிவு இல்லை. மிகுந்த சூட்டில் பொரிக்கும்போது எழும் புகையை மட்டும், அடுப்பில் நின்று சுவாசிக்கிறவருக்கு அநேகமாகப் புற்றுநோய் வரவழைக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. எங்கள் வீட்டு ஏத்தங்காய் வற்றலை அம்மா தேங்காய் எண்ணெயில் மட்டும்தான் போடுவார். வேதியியல் தெரியாமலே சரியாகத்தான் செய்திருக்கிறார்.

ஒருமுறை ஓர் அம்மா நான் கேட்டதற்காக, பழம்பொரி போட்டு எடுத்து வைத்திருந்த எண்ணெயை ஒரு சின்னப் பாட்டிலில் கொண்டுவந்தார். கருப்பட்டிப் பாகு நிறம். சாய்த்தால் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொண்டு மெதுவாக இறங்கியது. மூடியைத் திறந்ததும் பெயிண்ட் வாசம். "இன்னும் ரெண்டு தடவைக்கு ஆகும் டாக்டர்" என்றார். நான் டாக்டர் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் அப்படித்தான் கூப்பிடுவார். கடைகளில் பொரிக்கும் எண்ணெயில் சிதைந்த பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டும் என்று 2018 ஜூலையிலிருந்து நாட்டில் விதி இருக்கிறது. வீட்டுக்கு அளக்க யார் வருவார்கள்? நிறம் கறுத்தால், நுரை அடங்காமல் நின்றால், வாணலியின் ஓரம் பிசின் பிடித்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தாளிக்கவும் வதக்கவும் எந்த எண்ணெயும் சரிதான். பொரிப்பது எப்போதாவது என்றால் தேங்காய் எண்ணெயில், கொஞ்சமாக ஊற்றிப் பொரியுங்கள். மற்றபடி அது நெஞ்சுக்கு ஆகாது என்று நீங்கள் அன்று சொன்னது அடியோடு தப்பு இல்லை. அது கெட்ட கொழுப்பின் அளவைக் கூட்டும். அதே சமயம் தேங்காய் எண்ணெய் புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்கும் மனிதர்களிடம் ஆதாரம் கிடையாது.

மீன் எண்ணெய் மாத்திரைக்கு வருகிறேன். 2018இல் முடிவு வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் 25,871 பேருக்கு, பாதிப்பேருக்கு நாளைக்கு ஒரு கிராம் மீன் எண்ணெய், பாதிப்பேருக்கு வெற்று மாத்திரை என்று ஐந்து வருஷத்துக்கு மேல் கொடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் வருவதில் வித்தியாசமே இல்லை. ஆண்களுக்கு ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது: 2013இல் வந்த ஓர் ஆய்வில் இரத்தத்தில் ஒமேகா 3 அதிகம் இருந்தவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் கூடுதலாக இருந்தது, மேலே சொன்ன 47 பரிசோதனைத் தொகுப்பிலும் அந்த ஒரு வகை லேசாகக் கூடியது. கீமோ நடக்கும்போது மீன் எண்ணெயைத் தாமாக எடுக்கவே கூடாது; சில மருந்துகளின் வேகத்தை அது குறைக்கலாம் என்று சுண்டெலிகளில் பார்த்திருக்கிறார்கள். சிகிச்சையில் எடை இறங்கிக்கொண்டே போகிறவர்களுக்கு மட்டும், பசியையும் எடையையும் தாங்கிப் பிடிக்க மருத்துவர் சொல்லி நாங்கள் கொடுப்பதுண்டு. உங்கள் மாமியார் அந்த நிலையில் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை.

இன்னொரு கணக்கு. டப்பாவில் 1,000 மில்லிகிராம் என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள்: இ.பி.ஏ. 180, டி.ஹெச்.ஏ. 120 என்று இருக்கும். ஆக 300தான். மழைக்காலம் கழிந்து நெய் வைத்த (கொழுப்பு ஏறிய) சாளை, அதாவது மத்தி மீன், குளச்சலிலும் முட்டத்திலும் வந்து இறங்குகிறதே, அதில் நாலு மீனின் சதையில் ஒரு கிராமுக்கு மேல் இருக்கும். மூன்று நாலு மாத்திரைக்குச் சமம், கூடவே புரதமும் சுண்ணாம்புச் சத்தும். மீன் சாப்பிடுகிறவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் குறைவு என்று ஐரோப்பிய ஆய்வுகளில் தெரிகிறது. அந்த ஆதாரத்தின் பலம் சுமார்தான். சிறுமீனில் பாதரசமும் சுறா மாதிரிப் பெரிய மீனை விடக் குறைவு. பொரித்தால் அந்த நல்லதில் ஒரு பகுதி வாணலியோடு போகும். புளிமுளமாகவோ, தேங்காய் அரைத்து மண்சட்டியில் குழம்பாகவோ வையுங்கள். குழம்பு ஆறியதும் மேலே பொன்னிறத்தில் சின்னச் சின்ன வட்டமாக மிதக்குமே, அது சாளையின் சொந்த எண்ணெய், அதை ஒதுக்க வேண்டாம். தடைக்காலத்தில் நல்ல மீன் கிடைக்காது, அப்போது கருவாட்டை அதற்கு ஈடாக வைக்கவேண்டாம். நிறைய உப்பில் பதப்படுத்தியது வயிற்றுக்கு நல்லதில்லை, இரைப்பைப் புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு சொல்கிறார்கள். எப்போதாவது தொட்டுக்கொள்வதில் தப்பில்லை.

ஆக, நீங்கள் எந்த எண்ணெய்க்கும் ஓடவேண்டாம். இருக்கும் சூரியகாந்தியைத் தாளிக்க வைத்துக்கொள்ளுங்கள், தேங்காய் எண்ணெயும் கொஞ்சம் வாங்குங்கள், இரண்டும் சேர்ந்து நாலு பேருக்கு மாதம் 3 லிட்டருக்குள் நிற்கட்டும். பாக்கெட்டை வெட்டும் தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதிவையுங்கள், இரண்டு மாதத்தில் உங்களுக்கே அளவு பிடிபடும். அடுத்த தடவை திருவனந்தபுரம் போகும்போது கட்டியின் ஹார்மோன் ஏற்பி அறிக்கையைப் பற்றியும் (மேலே சொன்ன ஏற்பிகள் கட்டியில் இருந்தனவா என்று காட்டுவது), மாமியாருக்கு இப்போது என்ன எடை இருக்கலாம் என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எண்ணெய்க் கேள்வியை அவரே மருத்துவரிடம் கேட்கட்டும். மாத்திரை டப்பாவை இன்னும் உடைக்கவில்லை என்றால் கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் காசுக்குப் பல நாள் சாளை வாங்கலாம்.